தள்ளலும் உந்தலும்: ஓர் ஆங்கிலச் சொல்லும் சிங்கப்பூர்த் தமிழும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



இவ்வறக்கட்டளையை நிறுவிய பெரியோர், ஆண்டுக்கொருமுறை தமிழைப் பற்றி ஒருவர் இங்கே பேசவேண்டும் என்று விரும்பினார்களேயன்றி, இன்ன விஷயத்தைத்தான் பேசவேண்டும் என்று நிர்ப்பந்தம் எதையும் விதித்துச் செல்லவில்லை. அந்தச் சுதந்திரத்தை முன்னிட்டு, காவியங்களையும் சாஸ்திரங்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, கடைக் கதவுகளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தும் யாரும் ஏறெடுத்துப் பாராத ஒரு சிறிய ஆங்கிலச் சொல்லை இன்று விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். 'புஷ்' என்பது அச்சொல்.

மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கும் ஆட்சிமொழிகள் என்று 1965ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உறுதிசெய்யப்பட்ட இந்நாட்டில், அரசாங்க அறிவிப்பும் வியாபார விளம்பரமும் மருந்துச்சீட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்து, பிறகு தமிழுக்கு வருகின்றன. வருகிற வழியில் 'புஷ்' என்பது மிகப் பல சமயங்களில் 'தள்ளு' ஆகிவிடுகிறது. அகராதி அதற்கு இடங்கொடுக்கிறது. காதுதான் ஒப்ப மறுக்கிறது. காது மறுப்பதற்குத் தக்க நியாயம் உண்டு என்று காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சுருங்கச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல் தள்ளுகிறவனுடைய விசையைக் கூறுவதோடு நின்றுவிடுகிறது. தள்ளப்பட்டது ஓரிடத்தில் போய்ச் சேரவேண்டும் என்று அவன் கருதினானா, தன்னை விட்டு அகன்றால் போதும் என்று கருதினானா என்பதை அது சந்தர்ப்பத்திற்கு விட்டுவிடுகிறது. தமிழ் அவ்விரண்டையும் இரு வேறு வினைகளில் வைத்திருக்கிறது. அகல்வதில் கண் வைத்த வினை 'தள்ளு'. சேர்வதில் கண் வைத்த வினை 'உந்து'. இதனை ஆறு கூறுகளாக விரித்துரைக்கிறேன்.

1. ஆங்கிலக் குடும்பம்

ஆங்கிலம் இவ்வேறுபாட்டை அறவே அறியாத பாஷை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தள்ளுதல் என்று பொருள்படும் 'பெல்லெரே' என்னும் லத்தீன் வினையிலிருந்து, வெளியேற்றுவதற்கு 'எக்ஸ்பெல்', முன்செலுத்துவதற்கு 'புரொபெல்', எதிர்த்து விலக்குவதற்கு 'ரிபெல்', நிர்ப்பந்திப்பதற்கு 'கம்பெல்' என்று ஒரு குடும்பமே அம்மொழிக்குள் குடியேறியிருக்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த 'புஷ்' என்பதும், வைத்தியர் கைபிடித்துப் பார்க்கும் 'பல்ஸ்' என்பதும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. ஆனால் முன்னொட்டுப் பெற்ற அச்சொற்கள் படித்தோர் நாவிலும் ஏட்டிலும் வழங்குவன. தெருவிலும் வீட்டிலும் வழங்குகிற 'புஷ்' தனியாக நிற்கும்போது அதற்குத் திசை இல்லை. பின்னால் வருகிற சிறு சொல் ஒன்றே திசையைக் கொடுக்கிறது. அதன் சுற்றத்தாரான 'ஷவ்', 'திரஸ்ட்' என்பவற்றை நோக்கினாலும், ஒன்று முரட்டுத்தனத்தையும் மற்றொன்று வேகமும் குறியும் உடைய பாய்ச்சலையும் சுட்டுகின்றன. எவ்வளவு வலுவாக, எந்த மாதிரியாக என்ற கேள்விக்கு அவை விடை சொல்லும். எதற்காக என்ற கேள்விக்கு விடை சொல்லமாட்டா.

2. 'தள்ளு' என்னும் வினையின் இயல்பு

தேக்காச் சந்தையில் மீன் வாங்கப் போகிற ஓர் அம்மாள், வழியை மறித்து நிற்பவரிடம் "கொஞ்சம் தள்ளுங்க" என்கிறார். எதையோ பிடித்துத் தள்ளச் சொல்கிறார் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்வதில்லை. நின்றவர் தாமே விலகுகிறார். சிராங்கூன் சாலையில் வழி கேட்டால், வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நாலு கடை தள்ளி என்று விடை வருகிறது. இங்கே கை இல்லை, விசை இல்லை, தொடுதலும் இல்லை. இடைவெளி ஒன்றே எஞ்சி நிற்கிறது. விசையை முழுவதும் நீக்கிய பின்னும் ஒரு சொல்லில் எது மிஞ்சுகிறதோ அதுவே அச்சொல்லின் உயிர் என்று கொள்வோமானால், 'தள்ளு' என்பதன் உயிர் தூரமாதல்தான்.

இதன் ஏனைய பிரயோகங்கள் யாவும் இந்த ஒரு கருத்தினின்று கிளைக்கின்றன. கணக்கில் கழிப்பது தள்ளுவது. வழக்கை வேறு நாளுக்கு மாற்றுவது தள்ளிவைப்பது. ஒருவனை ஊரார் உறவிலிருந்து விலக்குவதும் தள்ளிவைப்பது. மனைவியோடு வாழாமல் ஒதுக்குவதும் அதுவே. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மாமியார் தாழ்ந்த குரலில் சொன்னால் வீட்டில் சந்தோஷம். வருமானம் குறைந்தவன் காலந்தள்ளுகிறான். வருகிற நாளை நோக்கி அவன் ஆசையோடு போவதில்லை, இருக்கிற நாள் கழிந்தால் போதும் என்றிருக்கிறான். 'தள்ளுபடி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் காலத்தில் கேம்பல் லேன் கடைக்காரர் அதனைப் பெரிதாக எழுதி மாட்டும்போது மகிழ்கிற அதே மனிதர், தம்முடைய மனு தள்ளுபடி என்று கேட்டால் முகம் வாடுகிறார். விலையிலிருந்து ஒரு பங்கு அகன்றது அங்கே. நீதிமன்றத்திலிருந்து மனுவே அகன்றது இங்கே.

துணைவினையாக வரும்போது இதன் இயல்பு இன்னும் தெளிவாகத் தெரியும். எழுதித் தள்ளினான், பேசித் தள்ளினான், முஸ்தபாவில் வாங்கித் தள்ளினார்கள் என்கிறோம். அளவு மிகுதி என்று இதற்கு இலக்கணம் சொல்வது சரியே. ஆயினும் அம்மிகுதியோடு ஓர் அலட்சியமும் கலந்திருக்கிறது. எழுதியது யாரைப் போய்ச் சேர்ந்தது, வாங்கியது எதற்குப் பயன்பட்டது என்ற விசாரம் செய்தவனுக்கு இல்லை என்பது அவ்வழக்கின் குறிப்பு.

வியாபார மொழிபெயர்ப்பாளர் இங்கே விசேஷமாக எச்சரிக்கையோடு இருக்கவேண்டும். ஒரு பொருளை 'புஷ்' செய்வது என்றால் ஆங்கில வணிகருக்கு ஊக்கத்தோடு விளம்பரம் செய்து விற்பது. சரக்கைத் தள்ளிவிட்டான் என்று தமிழில் சொன்னாலோ, விற்காமல் கிடந்ததை, பழுதானதை, ஏமாந்தவன் ஒருவன் தலையில் கட்டிவிட்டான் என்றே கேட்பவர் கொள்வர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்த உண்மையான மொழிபெயர்ப்பே இங்கே சரக்கின்மேல் பழி சுமத்திவிடுகிறது.

3. 'உந்து' என்னும் வினையின் இயல்பு

தேர் உந்தினான், பரி உந்தினான் என்று நம் காப்பியங்களில் வருமிடங்களில், செலுத்துகிறவன் செலுத்தப்படுவதன் மேலேயே இருக்கிறான். அது சேருமிடத்தில் தானும் சேரவேண்டியவன். திருவாசகத்தில் திருவுந்தியார் என்றொரு பகுதி உண்டு. பெரியாழ்வாரும் அவ்வாட்டத்தைப் பாடியிருக்கிறார். உந்தி பறத்தல் என்பது மகளிர் மேலெழும்பி ஆடும் விளையாட்டு என்பர். கீழே விடுவதைக் காட்டிலும் மேலே எழுவதையே அச்சொல் கருதுகிறது. இக்காலத்தில் ஆசிரியர் ஒருவருடைய உந்துதலால் எழுதத் தொடங்கினேன் என்று ஒருவர் முன்னுரை எழுதினால், அவ்வாசிரியர் இவருடைய நன்மையை நாடினார் என்பது சொல்லாமலே விளங்குகிறது. அந்த இடத்தில் 'தள்ளுதலால்' என்று எழுதிப் பாருங்கள். நன்றியுரை புகார் மனுவாக மாறிவிடும்.

இவ்விரு வினைகளும் ஒரே நிகழ்ச்சியில் அருகருகே நிற்பதைக் காண விரும்புவோர் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகவேண்டும். 2015 டிசம்பர் 16ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பிஎஸ்எல்வி-சி29 ராக்கெட், 'டெலியோஸ்-1' முதலான 6 சிங்கப்பூர்த் துணைக்கோள்களை ஏந்திக்கொண்டு அங்கிருந்து எழுந்தது. ராக்கெட்டின் அடியில் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு மிகுந்த வேகத்தோடு கீழே வெளியேற்றப்படுகிறது. அதற்கு எதிர்விளைவாக ராக்கெட் மேலே செல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டு விசைகளும் சமம். ஆயினும் தமிழ் மாணவனைக் கேட்டால், வாயு வெளியே தள்ளப்படுகிறது என்பான், ராக்கெட் மேலே உந்தப்படுகிறது என்பான், மாற்றிச் சொல்லமாட்டான். வாயு எங்கே போயிற்று என்று யாருக்கும் கவலை இல்லை. ராக்கெட் சேரவேண்டிய பாதை மட்டும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. 'திரஸ்ட்' என்பதற்கு உந்துவிசை என்று பெயரிட்டவர்கள் அகராதியைப் பார்த்துச் செய்தார்களோ, காதைக் கேட்டுச் செய்தார்களோ, சரியாகச் செய்தார்கள்.

4. எழக்கூடிய ஆட்சேபங்கள்

இச்சபையில் இருப்பவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அல்லர் என்பதை அறிவேன். ஆகவே ஆட்சேபங்களை நானே எடுத்துக்கொள்கிறேன். தள்ளுவண்டி என்கிறோமே, வண்டிக்காரன் வண்டியைத் தன்னைவிட்டு அகற்றவா தள்ளுகிறான் என்பது முதல் ஆட்சேபம். கை பொருளைத் தொட்டு நகர்த்துகிற ஸ்தூலமான செயலில் இவ்விரு வினைகளும் ஒன்றன் எல்லையில் மற்றொன்று நடமாடுவது உண்மை. மலையாளத்தார் அதே வண்டியை உந்துவண்டி என்கிறார்கள். நெரிசலைக் குறிக்க உந்தும் தள்ளும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். எனவே நான் கூறும் பிரிவு, சொல் கையைவிட்டுக் கருத்துக்கு ஏறும்போது கண்டிப்பாவது. கையளவில் நிற்கும்போது தளர்வானது. இந்த வரம்பை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் கடுமையானது. குழியில் தள்ளினான், சிறையில் தள்ளினான், கடனில் தள்ளினான் என்னும்போது சேருமிடம் வெளிப்படையாக இருக்கிறதே என்பது அது. இடம் இருக்கிறது, தள்ளியவன் அங்கே போவதில்லை. பெண்ணைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டார்களே என்று பொருந்தாத கல்யாணத்தைப் பற்றி உறவினர் புலம்பும்போது, புலம்பலின் சாரம் கிணற்றில் இல்லை. பெற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே இவ்வழக்குகள் என் கொள்கைக்கு மாறாகாமல் அதற்கு ஆதாரமாகவே வந்து சேர்கின்றன.

மூன்றாவதாக, திருக்குறளில் நாட்டுக்கு இலக்கணம் கூறும் அதிகாரத்தின் முதற்குறளில், விளைச்சலுக்கு அடைமொழியாக வரும் 'தள்ளா' என்பதை ஒருவர் காட்டக்கூடும். குறையாத என்பதே அங்கே பொருள். குறைதலும் இருந்தது அகல்வதுதானே?

5. அண்டை மொழிகள்

நான்கு மொழிகள் அன்றாடம் தோள் உரசிக்கொண்டு வாழும் ஊரில், அண்டை வீட்டாரையும் விசாரிப்பது தர்மம். மலாயில் 'தோலாக்' என்பது கதவைத் தள்ளுவதற்கும் வேண்டுகோளை மறுப்பதற்கும் கணக்கில் கழிப்பதற்கும் வருகிறது; தமிழ்த் 'தள்ளு' போகிற அதே வழியில் அதுவும் போயிருக்கிறது. மாண்டரினில் தள்ளும் செயலைக் குறிக்கும் 'துவேய்' என்னும் வேரிலிருந்து ஒத்திவைத்தல், மறுத்தல் என்பனவும் தோன்றின. ஒருவரைப் பரிந்துரைத்தல், காரணத்திலிருந்து முடிவை ஊகித்தல் என்பனவும் தோன்றின. அகற்றலும் முன்செலுத்தலும் அங்கே ஒரே வேரில் சேர்ந்து வாழ்கின்றன. ஆகையால், ஆங்கிலம் ஒரு கட்சி, கீழைநாட்டு மொழிகளெல்லாம் எதிர்க்கட்சி என்று யாரேனும் தத்துவம் கட்டுவார்களானால் அது நிலைக்காது. ஒவ்வொரு மொழியும் தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அறியவேண்டியது தம் மொழியின் ஏற்பாட்டை.

6. நியாயஸ்தலமும் சரித்திரமும்

இவ்விசாரணை வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றினால், இரண்டு இடங்களில் இதன் பலனை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, நியாயஸ்தலம். மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பட்டு 1860-இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே, நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871-இல் இயற்றப்பட்டது. இன்றைய சிங்கப்பூர்ச் சட்டம் அதன் வழிவந்தது. அதில் 349ஆம் பிரிவு, ஒருவருக்கு அசைவையோ அசைவில் மாற்றத்தையோ அசைவு நிற்பதையோ உண்டாக்குவது முதலியவற்றைக் கொண்டு பலப்பிரயோகத்தை விளக்குகிறது. அடுத்த பிரிவு குற்றமான பலப்பிரயோகம் எது என்று கூறி, உதாரணங்கள் சில தருகிறது. அவற்றுள் ஒன்று, தெருவில் நடந்து செல்பவர்மேல் வேண்டுமென்றே போய் மோதுவது. அவ்விடத்தில் ஆங்கில மூலம் ஆள்வது இந்தப் 'புஷ்' என்னும் சொல்லையே. இதைத் தமிழ்ச் சாட்சி ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தோளோடு தோள் படும்படி வந்தால் "இடிச்சான்" என்பார். இருந்த இடத்திலிருந்து அசைந்துபோனால் "தள்ளினான்" என்பார். கீழே விழுந்திருந்தால் "தள்ளிவிட்டான்" என்பார். கூட்டத்தில் மூச்சு முட்டியிருந்தால் "நெருக்கினாங்க" என்பார். இருதரப்பும் கைவைத்திருந்தால் தள்ளுமுள்ளு என்பார். அசைவு எவ்வளவு, விழுந்தாரா, ஒருதரப்பா இருதரப்பா என்பவையெல்லாம் வினைச்சொல்லிலேயே பதிந்து கிடக்கின்றன. இவை அனைத்தையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் கொட்டுகிற மொழிபெயர்ப்பாளர், சாட்சியம் என்னும் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டவர் ஆவார்.

இரண்டாவது, நம்முடைய சரித்திரம். மக்கள் ஊர்விட்டு ஊர் போவதற்குரிய காரணங்களை ஆராய்வோர், 1885-இல் ரேவன்ஸ்டீன் லண்டனில் வெளியிட்ட குடிபெயர்ச்சி விதிகளிலிருந்து தொடங்கி, பிறந்த ஊரிலிருந்து கிளப்பும் காரணிகள், புதிய ஊருக்கு இழுக்கும் காரணிகள் என்று இருவகை பேசுவது வழக்கம். முதல் வகையைத் தமிழில் உந்து காரணி என்று சிலரும் தள்ளு காரணி என்று சிலரும் எழுதுகிறார்கள். எது சரி?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை எண்ணிப்பாருங்கள். மழை பொய்த்து, தானிய விலை ஏறி, லட்சக்கணக்கானோர் மாண்ட அக்காலத்தில், இலங்கைக்கும் பர்மாவுக்கும் இந்நீரிணைப் பகுதிக்கும் கப்பலேறியவர்களைப் பஞ்சம் உந்தியது என்று எழுதினால், ஏதோ அவர்கள் முன்னேற்றத்தில் அக்கறை கொண்டு பஞ்சம் அவர்களை வழியனுப்பிவைத்தது போல ஆகிவிடும். பஞ்சம் அவர்களைத் தள்ளியது. எங்கே போய் விழுந்தார்கள் என்று அது திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளு காரணி என்பதே அங்கே சத்தியமான சொல். ஆனால் 1819-இல் ராபிள்ஸோடு பினாங்கிலிருந்து இங்கு வந்து, செங்கற்சூளை வைத்து, துணி வியாபாரம் செய்து, பின்னர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலிய நாராயண பிள்ளையைப் பற்றி எழுதும்போது அச்சொல் பொருந்தாது. வாய்ப்பை நாடிய முனைப்பு அவரை உந்தியது எனலாம். 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்டுச் சாலையும் கட்டடமும் அமைத்த இந்தியக் கைதிகளுக்கோ இவ்விரண்டும் போதா, அவர்கள் நாடுகடத்தப்பட்டவர்கள். ஆங்கில நூல் ஒரே தலைப்பின்கீழ் அடக்கக்கூடிய இம்மூவரையும் தமிழ் மூன்று வினைகளால் பிரித்துக் காட்டுகிறது.

போனவர்கள் தாமே தம்மைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். பஞ்சம் பிழைக்கப் போனோம் என்றார்கள். பிழைப்புத் தேடி வந்தோம் என்றார்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து இடம்பிடித்தவர்களும், 1938-இல் கங்காணிமுறை முடியுமுன் ஆள்பிடிக்க வந்தவனோடு புறப்பட்டவர்களும், இன்று ஏஜெண்டுக்குப் பணங்கட்டிவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடுகிற கட்டுமானத் தொழிலாளரும் இந்தப் பிழைத்தல் என்ற வினையையே ஆள்கிறார்கள். அவ்வாக்கியத்தில் எழுவாய் பஞ்சம் இல்லை, சம்பளமும் இல்லை. போகிற மனிதரே எழுவாய். தள்ளு காரணி, இழு காரணி என்று பாடம் நடத்துகிற ஆசிரியர், இந்த மூன்றாவது வினையையும் கரும்பலகையில் எழுதுவது நியாயம்.

முடிவாகச் சில யோசனைகள்

சில ஆண்டுகளுக்கு முன், 'லாவ் பா சாட்' என்னும் பழைய சந்தையின் பெயர்ப்பலகையில் கடைசி அசையைச் சனிக்கிழமையின் சுருக்கம் என்று கொண்டு தமிழில் எழுதியது, இவ்வூரில் பெரிய நகைப்புக்கு இடமாயிற்று. அத்தகைய பிழை கண்ணில் படும். பட்டவுடன் பலகை கழற்றப்படும். 'புஷ்' என்பதை எங்கும் 'தள்ளு' ஆக்கும் பிழை கண்ணில் படாது. வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருக்கும், பொருள் மட்டும் எதிர்ப்பக்கம் போயிருக்கும்.

ஆகவே மொழிபெயர்ப்போருக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே. இச்சொல் வந்தவுடன், போகிறது எங்கே என்று தள்ளுகிறவனுக்கு அக்கறை உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் உந்து, முடுக்கு, ஊக்கு என்பவற்றுள் ஒன்று கிடைக்கும். இல்லையென்றால் தள்ளு, ஒதுக்கு, விலக்கு என்பவை இருக்கின்றன. ஒருவர் மனத்தின்மேல் செலுத்தும் விசையானால் வலியுறுத்து, வற்புறுத்து என்பவற்றை நாடுங்கள். போதைப்பொருள் விற்பவனை ஆங்கிலம் 'புஷ்ஷர்' என்றால், தமிழுக்கு விற்பவன் என்பதே போதும்.

அகராதி தொகுப்போருக்கும் ஒரு விண்ணப்பம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி நமக்குப் பெருநிதி. ஆயினும் ஒரு சொல்லின் பொருள்களை எண்ணிட்டு அடுக்கும் முறை, எந்தப் பொருள் எந்தச் சந்தர்ப்பத்துக்கு உரியது என்பதை வாசகன் ஊகத்துக்கே விடுகிறது. சிங்கப்பூருக்கென்று நான்மொழிப் பிரயோக அகராதி ஒன்று தொகுக்கப்படுமானால், அதில் ஒவ்வொரு வினைக்கும் யார், எதன்மேல், எதற்காக என்ற மூன்று விவரமும் உதாரண வாக்கியத்தோடு இடம்பெறவேண்டும்.

அதற்கு வேண்டிய மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய பக்கங்களைத் தேசிய நூலகம் மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. மாணவர்கள் அவற்றைப் புரட்டி, தள்ளு, உந்து என்னும் இவ்விரு வினைகளும் வரும் வாக்கியங்களைத் திரட்டி, பத்தாண்டுக்குப் பத்தாண்டு வகைப்படுத்திப் பார்க்கட்டும். நான் வகுத்த கோடு அவ்வாக்கியங்களில் நிற்கிறதா, ஆங்கிலத்தின் அழுத்தத்தினால் சமீப காலத்தில் அது அழிந்துவருகிறதா என்பது அப்போது தெரியவரும். என் கொள்கைக்கு மாறான உதாரணங்கள் அகப்பட்டால் அவற்றை மறைக்காமல் எடுத்துவந்து இதே சபையில் வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.